புற்வால்வும் பொறுமையும்

நீர் கீழ்நோக்கிப் பாயும் இயல்பினது. அதனை மேலேற்றவும், ஏற்றியதைத் தாங்கவும், வேண்டியபோது திறந்துவிடவும் மனிதன் கண்ட உபாயங்களின் வரலாறே நீர்ப்பாசனத்தின் வரலாறு எனலாம். இலங்கையின் பழங்குளங்களது அணைக்கட்டினுட் காணப்படும் கற்கிணறு சிங்களத்தில் ‘பிசோகொட்டுவ’ எனப்படும். இதனை ஆராய்ந்த ஹென்றி பார்க்கர், 1909இல் வெளிவந்த தமது நூலில், ஐரோப்பிய நீர்த்தேக்கங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமைக்கப்பட்ட வால்வுக்கிணறுகளின் தொழிலையே இதுவும் ஆற்றியதெனக் கொண்டார். பெருங்குளத்தின் மதகுக்கும் வீட்டுக் கிணற்றின் குழாய்க்கும் அளவிலேயே வேறுபாடு, அடிப்படை ஒன்றே.

வன்னியின் விசுவமடு இதனை நன்கறிந்த ஊர். இறக்குமதிக் கட்டுப்பாடு நிலவிய 1970களின் முற்பகுதியில் மிளகாய்ச் செய்கையால் அது செழித்தது. 1977இன் பின் வந்த திறந்த பொருளாதாரம் அச்செழிப்பைக் குலைத்தது. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்காலத்தில், சில துளி பெற்றோலால் இயந்திரத்தை முடுக்கி, மண்ணெண்ணெயில் ஓட்டுவதற்கு வன்னி மக்கள் பழகிக்கொண்டனர். 2009இன் பேரழிவின் பின் மீண்டு வந்தோர் தூர்ந்த கிணறுகளை இறைத்துத் தோட்டங்களை மறுபடியும் தொடங்கினர்.

எரிபொருளுக்காக மக்கள் வரிசைகளிற் காத்துநின்ற 2022ஆம் ஆண்டில், அவ்வூரின் முதிய கமக்காரர் ஒருவரது வளவில் தூவல் நீர்ப்பாசனம் நின்றுபோயிற்று. இயந்திரம் ஓடியது, தூவிகள் சுழலவில்லை. பூவெடுத்த கச்சான் வாடத் தொடங்கியது. போத்தலில் எஞ்சியிருந்த மண்ணெண்ணெயோ ஓரிரு இறைப்புக்கே போதுமானது. மகன் பொறுமையிழந்தான்.

“ஐயா, மெசின் முடிஞ்சுது. அம்மான்ரை காப்பை ஈடு வைச்செண்டாலும் புதுசு எடுப்பம்.”

“மெசினிலை பழியைப் போடாதை தம்பி. ஊத்தின தண்ணி எங்கை போகுதெண்டு முதலிலை பார்.”

அம்மறுமொழியில் ஒரு பௌதிக உண்மை அடங்கியிருந்தது. இயந்திரம் நீரை இழுக்கிறது என்பது உலக வழக்கு. உண்மையிற் குழாயினுள் அமுக்கம் குறையும்போது, கிணற்று நீரின்மேல் அழுத்தும் வளியே நீரை மேலே தள்ளுகிறது. உறிஞ்சுபம்பி ஏறத்தாழ 34 அடிக்கு மேல் நீரை உயர்த்தமாட்டாமைக்குரிய காரணத்தை 1640களில் இத்தாலியரான தொரிசெல்லி இவ்வாறே தெளிவுபடுத்தினார். சுழல்பம்பியோ தன்னுள் நிறைந்த காற்றைத் தானே வெளியேற்றும் வலியற்றது. எனவே, முடுக்குமுன் பம்பியும் குழாயும் நீரால் நிறைந்திருத்தல் வேண்டும். அந்நீர் மீண்டும் கிணற்றில் வீழாது தாங்குவதே குழாயின் அடியிலுள்ள புற்வால்வின் கடமை.

முதியவர் இயந்திரத்தைத் தொடவில்லை. மண்ணெண்ணெயிற் துளியும் செலவாகவில்லை. பம்பியின் வாயில் நீரை வார்த்துவிட்டு உற்றுநோக்கினார். நீர்மட்டம் மெல்ல இறங்கிற்று. குழாயின் பொருத்துகளைக் கையாற் தடவினார். பொருத்திற் பிழையிருப்பின் அங்கே ஈரம் கசிந்திருக்கும், எல்லாம் உலர்ந்திருந்தன. எஞ்சியது புற்வால்வு ஒன்றே. இருவருமாகக் குழாயை மேலே தூக்கினர். வால்வின் தோல்நாக்கின்கீழ் பருமணல் சிக்கியிருந்தது. அதன் விளிம்பும் அறுந்திருந்தது. பழைய தயர் ரியூப்பில் ஒரு வட்டம் வெட்டிப் பொருத்தினர். மறுபடி வார்த்த நீர் இறங்காது நின்றது. அதன்பின்னரே இயந்திரம் முடுக்கப்பட்டது. தூவிகள் சுழன்றன, கச்சானும் தப்பியது, காப்பும் தாயின் கையிலேயே இருந்தது.

செல்வந்த நாடுகளின் புற்றரைகளில் மின்சாரத்தால் இயங்கும் வால்வுகள் உண்டு. அவற்றின் மெல்லிய இறப்பர்த் தகட்டின்கீழ் மணல் சிக்கினாலும் அவை மூடாது நீரைக் கசியவிடும். கருவி எத்துணை முன்னேறினும் குறை ஒரு மணலளவினதாக இருக்கக்கூடும். பெருங்குறைக்குப் பெருங்காரணமே இருக்கவேண்டுமென எண்ணுவது மனித இயல்பு. அவ்வெண்ணத்தாற் பயனுள்ள பொருள்கள் வீசப்படுகின்றன. வறிய குடும்பங்கள் கடன்படுகின்றன. ஒவ்வொன்றாக விலக்கி, எஞ்சியதை ஆராயும் முறையைப் பல்கலைக்கழகங்கள் விஞ்ஞானம் என்று கற்பிக்கின்றன. தட்டுப்பாட்டையே ஆசானாகக் கொண்ட வன்னிக் கமக்காரர் அதனைக் கிணற்றுக்கட்டிலேயே கற்றுக்கொண்டனர். அவ்வறிவை ஏட்டறிவினுங் குறைந்ததெனக் கொள்ளுதல் பொருந்தாது.