அறுவடை வரைக்கும்

1972 கடைசியில் லாவோஸ் தலைநகர் வியன்டியேனில் ஒரு நிவாரண அலுவலகத்தில் எனக்குக் குமாஸ்தா வேலை. பாண்டிச்சேரியில் படித்த பிரெஞ்சும் தட்டச்சும் சோறு போட்டன. அதே ஊரில் அரசுத் தரப்பும் கம்யூனிஸ்ட் பாத்தெட் லாவோவும் சமாதானம் பேசிக்கொண்டிருந்தார்கள். மலையில் அகதிகளாகக் கிடந்த ஹ்மொங் குடும்பங்களுக்கு நாங்கள் அடுத்த வருஷத்து அரிசிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம்.

1961 முதல் வாங் பாவ் தலைமையில் சி.ஐ.ஏ.வுக்காகச் சண்டை போட்ட ஜனங்கள் இவர்கள். சியெங் குவாங் மாகாணத்து ஊர்களை விட்டு, லோங் தியெங்கைச் சுற்றிய மலைகளில் வந்து நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். உழைக்கிற வயசு ஆண்கள் படையில் இருந்தார்கள், அல்லது செத்துப்போயிருந்தார்கள். அரிசி விமானத்திலிருந்து விழும். சாக்குக்குள் சாக்காகப் போட்டுத் தைத்திருப்பார்கள். விழுகிற வேகத்தில் உள்சாக்கு கிழிந்தாலும் வெளிச்சாக்கு தாங்கும். சமவெளி லாவோக்காரர்களின் பசையரிசி இவர்களுக்குப் பழக்கமில்லை, நம்மைப் போல உதிரியாக வேகிற அரிசிதான் வேண்டும். கொள்முதல் செய்கிறவர்களிடம் இதைச் சொல்லி மாளாது.

மேலிடத்துக்குப் பிடித்த திட்டம் வேறு. சமாதானம் வந்ததும் விதைநெல்லும் மண்வெட்டியும் கொடுத்து ஊருக்கு அனுப்பிவிடுவது. அலுவலகத்துக்கு வந்துபோகும் ஹ்மொங் இளைஞர் ஒருவர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு விரல் விட்டு எண்ணினார். ஜனவரி, பிப்ரவரியில் காட்டை வெட்டிக் காயவிட வேண்டும். மார்ச், ஏப்ரலில் எரிக்க வேண்டும். மழை விழுந்ததும் விதைப்பு. அறுவடைக்கு அக்டோபர், நவம்பர் ஆகிவிடும். “கையெழுத்து எந்த மாசம்?” என்று கேட்டார். எங்களில் யாருக்குத் தெரியும்?

1973 பிப்ரவரி 21 அன்று கையெழுத்தானது. காடு வெட்டும் பருவம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. ஒப்பந்தத்தில் இரண்டே தரப்பு. ஹ்மொங்குகளுக்கென்று தனி நாற்காலி கிடையாது. கூட்டரசு அமைந்து 60 நாளுக்குள் அந்நியப் படைகள் வெளியேற வேண்டும் என்று ஒரு ஷரத்து இருந்தது. அரிசி சுமந்த விமானங்களும் அந்நியர்களுடையவைதானே!

எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். இன்னும் ஒரு அறுவடை வரைக்குமாவது இந்தச் சண்டை இழுத்திருக்கக் கூடாதா என்று எனக்குத் தோன்றியது. ஒன்பது வருஷத்தில் இருபது லட்சம் டன்னுக்கு மேல் குண்டு விழுந்த நாட்டில் உட்கார்ந்துகொண்டு அப்படி நினைத்தேன். வீட்டில்கூட இதைச் சொன்னதில்லை. நிவாரணத்தைப் போரின் முதுகில் ஏற்றி வைத்தால், கணக்கு எழுதுகிறவனுக்கு இப்படித்தான் புத்தி போகும்.

விமானங்கள் உடனே நின்றுவிடவில்லை. அரிசி போட்டுவந்த ஏர் அமெரிக்கா நிறுவனம் 1974 ஜூனில்தான் லாவோஸை விட்டுப் போனது. 1975 மே மாதம், பாத்தெட் லாவோவின் கை ஓங்கியதும், வாங் பாவோடு சில ஆயிரம் பேர் லோங் தியெங்கிலிருந்து விமானம் ஏறினார்கள். மற்றவர்களில் பல்லாயிரம் பேர் நடந்தார்கள். மீகாங் ஆற்றைத் தாண்டியவர்களுக்குத் தாய்லாந்தில் முகாம்; அவற்றில் பான் வினாய் 1992 வரை மூடப்படவில்லை.

சமாதானப் பேச்சு நடக்கும் நாட்டில் நிவாரண வேலை பார்க்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கையெழுத்துக்கு அடுத்த நாள் முதல் அறுவடை நாள் வரை அரிசியை யார் சுமப்பது என்று ஒப்பந்தத்திலேயே எழுத வையுங்கள்.