பிரேக் இன்ஸ்பெக்டர் பிரேக்கைப் பார்த்தாரா?

எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் வந்து 'மோட்டார் வாகன ஆய்வாளர் எங்கே இருப்பார்?' என்று கேட்டுப் பாருங்கள், முழிப்பார்கள். 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்று கேளுங்கள். டீக்கடையில் கிளாஸ் கழுவுகிற பையன்கூட வழி சொல்வான். எவ்வளவு பொருத்தமான பேர்! அந்தப் பேரை நம்பித்தான் 2025 ஜூன் மாதம் நான் ஏமாந்தேன்.

என்னுடையது வெள்ளை மாருதி 800. அப்பா ரிடையர் ஆன பணத்தில் 2010-ல் வாங்கியது. நம் நாட்டில் சொந்தக் காருக்கு ஆர்.சி. புக் 15 வருஷம் செல்லும். அந்தப் பதினைந்து வருஷமும் அது காரா, உருளுகிற தகர டப்பாவா என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். பெட்ரோல் பங்க் ஓரமாக, பின்னால் குழாயைச் சொருகிப் புகை பார்த்து ஒரு சர்ட்டிபிகேட் தருவார்களே, அதோடு சரி. டாக்ஸி, லாரி, பஸ் கதை வேறு. அவை முதல் எட்டு வருஷம் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, அதற்கப்புறம் வருஷா வருஷம் எஃப்.சி. காட்டியாக வேண்டும். சொந்தக் கார் பதினைந்து முடிந்த பிறகுதான் முதல் தடவையாக ஆய்வுக்குப் போகிறது. பாஸானால் இன்னும் ஐந்து வருஷம் ஓட்டலாம். இதற்கான ஃபீஸ் 600 ரூபாயாக இருந்தது. 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ஆகிவிட்டது. பசுமை வரி தனி.

எந்த ஊர் ஆபீஸுக்குப் போனேன் என்று சொல்ல மாட்டேன். அடுத்த ஐந்து வருஷம் கழித்து மறுபடி அங்கேதான் போக வேண்டும்!

எஃப்.சி. காட்டுவது கிட்டத்தட்ட பெண் பார்க்கும் படலம் மாதிரி. ஏஜென்ட் ஒரு வாரம் முன்னாடியே அலங்கார லிஸ்ட் கொடுத்துவிட்டார். வாட்டர் வாஷ், பாலிஷ், பம்பருக்குக் கறுப்பு பெயிண்ட், வைப்பருக்குப் புது ரப்பர். டயரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "மொட்டையா இருக்கு சார். வேணும்னா நாலு டயர் வாடகைக்கு ஏற்பாடு பண்றேன். காட்டிட்டுக் கழட்டிக் குடுத்துடலாம்."

வாடகை டயரா! ரோஷம் வந்து இரண்டு புது டயர் வாங்கிப் போட்டேன். பிரேக் லிஸ்ட்டில் இல்லை. எனக்கும் தோன்றவில்லை.

அன்று காலை மைதானத்தில் எனக்கு முன்னால் முப்பது வண்டியாவது நின்றது. நெல் லாரி, ஸ்கூல் வேன், 'சின்ன யானை' எல்லாம் குளித்து, பொட்டு வைத்துக்கொண்டு நின்றன. வேப்பமரத்தடியில் ஒரு மேஜை. என் முறை வந்தது. சேஸ் நம்பர் மேல் பேப்பரை வைத்துப் பென்சிலால் உரசி அச்சு எடுத்தார்கள். ஹாரன் அடிக்கச் சொன்னார்கள். லைட், இண்டிகேட்டர், வைப்பர், ஒரு போட்டோ. நாலு நிமிஷம்கூட ஆகியிருக்காது. "அடுத்த வண்டி!"

"பிரேக் பார்க்கலையே?" என்று ஏஜென்ட் காதில் கேட்டேன்.

"ஓட்டிட்டு வந்து நிறுத்தினீங்கள்ல? அதான் சார் பிரேக் டெஸ்ட்!"

இன்ஸ்பெக்டரையும் சும்மா குறை சொல்லக் கூடாது. அந்த மைதானத்தில் காரை ஏற்றிக் கீழே நின்று பார்க்க ஒரு குழி இல்லை. பிரேக்கை அளக்க உருளை மெஷின் இல்லை. முப்பது வண்டிக்கு ஒரு மனுஷர். அவர் சட்டை மடிப்பைக் கெடுத்துக்கொண்டு மல்லாந்து படுத்தா பார்ப்பார்?

பாஸான சந்தோஷத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவி, பெண்ணோடு திருவையாற்றுக்குக் கிளம்பினேன். கோவிலில் ஒரு அர்ச்சனை, அப்புறம் அசோகா அல்வா. தஞ்சாவூரிலிருந்து பதினைந்து கிலோமீட்டருக்குள்தான். அதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கடைசியில் காவிரி என்று ஐந்து ஆறு. ஜூன் 12-ல் மேட்டூரும், 15-ல் கல்லணையும் திறந்து, புதுத் தண்ணீர் செம்மண் கலரில் நுரைத்துக்கொண்டு ஓடியது. ஒவ்வொரு பாலத்திலும் பைக்கை நிறுத்திவிட்டு ஜனங்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீரைப் பார்க்க எங்கள் ஊரில் டிக்கெட் போட்டால்கூட வாங்குவார்கள்.

தண்ணீரைப் பக்கத்தில் பார்க்கணும் என்று பெண் அடம் பிடித்தாள். வெட்டாறு தாண்டும்போது கரையோரக் கிளைச் சாலையில் திருப்பினேன். ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் வயல். தடுப்புச் சுவர் கிடையாது. எதிரே ஒரு டிராக்டர், டிரெய்லரில் மலை மாதிரி வைக்கோல். (விவசாய டிராக்டர் சட்டப்படி வாடகை வண்டி இல்லை, அதற்கும் வருஷா வருஷம் எஃப்.சி. கிடையாது.) வழி விடுவதற்காக பிரேக்கை மிதித்தேன்.

பெடல் மெத்தையில் மிதித்த மாதிரி கீழே போயிற்று. போயிற்று, போயிற்று, தரையில் இடித்தது. கார் அரைகுறையாய் வேகம் குறைந்து ஆற்றுப் பக்கமாக இழுத்தது. இரண்டாவது கியரை அறைந்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, ஸ்டியரிங்கை வயல் பக்கம் ஒடித்தேன். ரோட்டில் காயப் போட்டிருந்த கோடை நெல்லுக்குள் கார் சரசரவென்று பாய்ந்து, குவியலில் முட்டி நின்றது. பின் சீட்டில் ஒரு சத்தம் இல்லை. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. சில விநாடி கழித்துப் பெண் அழ ஆரம்பித்தாள். அந்த அழுகையைக் கேட்டு அவ்வளவு நிம்மதி எனக்கு என்றைக்கும் வந்ததில்லை.

நெல்லுக்குச் சொந்தக்காரப் பாட்டி துடுப்போடு ஓடி வந்தார்.

"ஏந் தம்பி, கண்ண எங்க வச்சிருந்தீங்க?"

"பிரேக் புடிக்கல ஆத்தா."

"நல்லா புடிச்சீங்க போங்க! நேத்துதான் கொள்முதலுக்குத் தூக்கிட்டுப் போனேன். குத்தூசிய விட்டு எடுத்துப் பாத்துட்டு, ஈரம் பத்தொம்பதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. இன்னிக்குக் காயப் போட்டா நீங்க வந்து விழுவுறீங்க!"

கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்கு ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. மூட்டையில் குத்தி, அள்ளி, மெஷினில் போட்டுப் பார்க்கிறார்கள். அறுவடையில் மழை வந்தால் அதை 22 ஆக்குங்கள் என்று டில்லிக்குக் கடிதம் போகும். குழு விமானம் ஏறி வந்து நெல்லை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்க்கும். எங்கள் ஊர் நெல்லுக்கு இருக்கிற மரியாதை எங்கள் ஊர் காருக்கு இல்லை!

மெக்கானிக் பாய் வந்து பின் சக்கரத்தைக் கழற்றினார். டிரம்முக்குள் கறுப்பாய்ப் பிசுபிசுவென்று இருந்தது.

"வீல் சிலிண்டர் லீக் சார். பிரேக் ஆயில் பூரா கசிஞ்சு ஷூவெல்லாம் நனைஞ்சு கெடக்கு. இது இன்னிக்கு நேத்து சமாச்சாரம் இல்லே, ஆறு மாசம் இருக்கும். போனட்டைத் தொறந்து ஆயில் டப்பாவப் பாக்க மாட்டீங்களா?"

பாங்க்கில் ஒரு ரூபாய் டாலி ஆகாவிட்டால் ராத்திரி எட்டு மணி வரை உட்கார்ந்து தேடுகிறவன் நான். பதில் சொல்லாமல் நெல்லைப் பொறுக்கினேன்.

அன்று ராத்திரி சிங்கப்பூரிலிருந்து தங்கை வீட்டுக்காரர் போன் பண்ணினார். அங்கே கம்பெனி வேன் ஓட்டுகிறார். விஷயத்தைச் சொன்னேன்.

"என்ன மச்சான், பதினஞ்சு வருஷமா யாரும் பாக்கலையா? இங்க கார் மூணு வருஷம் ஆச்சுன்னா ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை செக்கிங். பத்து தாண்டினா வருஷா வருஷம். நம்ம பேச்சே எடுபடாது. சக்கரத்த உருளை மேல ஏத்தி பிரேக்க அமுக்கச் சொல்லுவாங்க. இடது பக்கம் எவ்வளவு புடிக்குது, வலது பக்கம் எவ்வளவு புடிக்குதுன்னு மெஷினே சொல்லிடும். உங்க காரு அங்கயே ஃபெயில்!"

அதற்கப்புறம் நானே தேடிப் படித்தேன். இங்கிலாந்திலும் 1960-ல் ஆரம்பித்தபோது பத்து வருஷப் பழைய கார்களைத்தான் சோதித்தார்கள். மளமளவென்று ஃபெயில் ஆவதைப் பார்த்துப் பயந்துபோய் மறு வருஷமே ஏழாக்கி, 1967-ல் மூன்றாக்கினார்கள். மூன்றுக்கு மேல் போனால் வருஷா வருஷம். போன வருஷம் எதில் ஃபெயில் ஆனது என்பதை நம்பரைப் போட்டு ஊரே கம்ப்யூட்டரில் பார்க்கலாம்! ஜெர்மனியில் பாஸான வண்டிக்குப் பின் நம்பர் பிளேட்டில் வட்டமாய் ஒரு ஸ்டிக்கர்; வருஷத்துக்கு ஒரு கலர். அடுத்த சோதனை எப்போது என்று பின்னால் வருகிற போலீஸ்காரர் உட்கார்ந்த இடத்திலிருந்தே படித்துவிடுவார். ஜப்பானில் 'ஷாக்கென்' என்று ஒரு சோதனை. முதலில் மூன்று வருஷம், பிறகு இரண்டுக்கு ஒன்று. அதற்கு ஆகிற செலவுக்குப் பயந்தே பலர் நல்ல காரை விற்றுவிடுகிறார்கள். அப்படிக் கைமாறியவை கப்பலேறிக் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் ஓடுகின்றன. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறு சட்டம். டெக்ஸாஸில் 2025 ஜனவரி முதல் சொந்தக் காருக்குப் பாதுகாப்புச் சோதனையே வேண்டாம் என்று எடுத்துவிட்டார்கள். அங்கேயும் என்னை மாதிரி ஆசாமிகள் இருப்பார்கள் போல!

சரி, வருஷா வருஷம் பார்த்தால் போதுமா? 2012 ஜூலை 25 ஞாபகம் இருக்கிறதா? தாம்பரம் பக்கம், ஸ்கூல் பஸ்ஸின் தரையில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புக் குழந்தை ரோட்டில் விழுந்து, அதே பஸ்ஸின் சக்கரத்தில் சிக்கி இறந்துபோனது. அது எஃப்.சி. பார்க்கப்பட வேண்டிய பஸ்தான். அந்த வருஷமே பள்ளி பஸ்களுக்கென்று தனி விதிகள் வந்தன. இப்போது பள்ளி திறப்பதற்கு முன் மாவட்டத்துக்கு மாவட்டம் மைதானத்தில் பஸ்களை வரிசையாக நிறுத்தி, ஆபீசர்கள் ஏறி இறங்கி, எமர்ஜென்ஸி கதவைத் திறந்து, தரையை மிதித்துப் பார்க்கிறார்கள். மே மாதப் பேப்பரில் அந்தப் போட்டோவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஓட்டைதான் ஞாபகம் வருகிறது.

ஆளை நம்பாமல் மெஷினே பார்க்கிற தானியங்கி சோதனை நிலையங்களுக்கு மத்திய அரசு 2021-ல் விதி போட்டது. அங்கே உருளை உண்டு. ஒன்று என் வீட்டுப் பக்கம் வருகிற வரைக்கும் எனக்கு மெக்கானிக் பாய்தான் பிரேக் இன்ஸ்பெக்டர்.

நம் ஊரில் சொந்தக் காருக்கு வருஷாந்திர ஆய்வு ஒன்றே ஒன்று. ஆயுத பூஜை! சந்தனம், குங்குமம், நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம். இந்தத் தடவை பழம் வைப்பதற்கு முதல் நாளே பாய் நாலு சக்கரத்தையும் கழற்றி, உள்ளே டார்ச் அடித்துக் காட்டினார். நானும் குனிந்து பார்த்தேன். பாதி புரியவில்லை. ஆனால் உலர்ந்திருந்தது.

அக்டோபரில் மறுபடியும் திருவையாற்றுக்குப் போனோம். மழை விட்ட ஒரு நாள். அதே கரைச் சாலை, அதே இடம், இப்போது குறுவை நெல். தூரத்தில் வெள்ளை மாருதியைப் பார்த்ததும் பாட்டி துடுப்பைத் தூக்கிக்கொண்டு, நெல்லை அவசர அவசரமாக ஓரம் தள்ள ஆரம்பித்தார்.