உம்மா காட்டிய திசை



டிசம்பர் லீவுக்கு உம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஹட்டன் போனோம். கோட்டையிலிருந்து ரயிலில் 5 மணித்தியாலத்துக்கு மேல். காசல்ரீ நீர்த்தேக்கக் கரையில் குளிரில் நிற்கும்போது, மிதவை பூட்டிய சின்ன செஸ்னா விமானமொன்று தண்ணீரில் வந்து இறங்கியது. கொழும்பிலிருந்து அரை மணித்தியாலம்தானாம்.

"வாப்பா, நாங்களும் அதுல போவோமா?" என்றான் சின்னவன். ஆசிரியர் சம்பளம்! சிரித்துச் சமாளித்தோம்.

உம்மா விமானத்தைப் பார்க்கவேயில்லை. மஸ்கெலியா போகவேண்டுமென்றார். அவர் பிறந்த பழைய டவுன், பள்ளிவாசல், கோயில், விகாரையோடு மவுசாகலை நீர்த்தேக்கத்துக்கு அடியில் கிடக்கிறது. தண்ணீர் வற்றினால்தான் தெரியும்.

போனோம். தண்ணீர் நிறைந்திருந்தது. உம்மா கையை நீட்டினார்: "வாப்பாட கடை அங்கதான்."

மார்ச்சில் தண்ணீர் குறையும், திரும்பக் கூட்டிவரச் சொல்லியிருக்கிறார். ரயிலில்தான், இன்ஷா அல்லாஹ்.