ஆறில்லா ஊரின் நீலக் கிணறுகள்

மெக்சிகோவின் தென்கிழக்கில் உள்ள யுகட்டான் தீபகற்பத்தின் வடபகுதியில் நாள் முழுக்கக் காரில் போனாலும் ஓர் ஆற்றுப் பாலம்கூட வராது. தரைக்கு மேலே ஆறே கிடையாது. ஆனாலும் நீந்துவதற்காகவே உலகெங்கிலுமிருந்து மக்கள் அங்கே போகிறார்கள். ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் நானும் மனைவியும் பதினோரு வயது மகளும் போய்வந்தோம்.

எங்களை இழுத்தவை 'செனோத்தே' எனப்படும் இயற்கைக் குளங்கள். மாயா மொழிச் சொல்லை ஸ்பானியர்கள் தங்கள் நாக்குக்கு ஏற்ப மாற்றிக்கொண்ட பெயர் அது. அந்த நிலம் முழுவதும் சுண்ணாம்புக் கல். மழைநீர் அதை மெல்ல அரித்துக் குகையாக்கும் என்பது பத்துமலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பத்துமலையில் படியேறிக் குகைக்குப் போகிறோம். யுகட்டானில் குகைகள் காலுக்குக் கீழே, நீர் நிரம்பிக் கிடக்கின்றன. குகையின் கூரை இடிந்து விழுந்த இடம்தான் செனோத்தே. இப்படி ஆயிரக்கணக்கில் உண்டு.

வரைபடத்தில் பார்த்தால் அவற்றில் பல ஒரு பெரிய வளைவாக அமைந்திருக்கின்றன. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் ஒன்று அங்கே மோதியது. டைனோசர்களின் அழிவுக்குக் காரணமாகச் சொல்லப்படும் அதே விண்கல்தான். அது உண்டாக்கிய சிக்சுலப் பள்ளம் இன்று மண்ணுக்கடியில் புதைந்திருக்கிறது. அதன் விளிம்பை ஒட்டித்தான் அந்த வளைவு ஓடுகிறது.

இறங்கிப் பார்த்தோம்

முதலில் போனது இக் கில். தரையிலிருந்து நீர்மட்டம் 26 மீட்டர் கீழே. பாறையில் வெட்டிய படிகளில் இறங்கினால் மேலே வட்டமாக வானம். சுற்றிலும் மரங்களின் வேர்கள் கயிறு கயிறாகத் தொங்கி நீரைத் தொடுகின்றன. நீரின் ஆழமோ 40 மீட்டருக்கும் மேல். லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு மல்லாந்து மிதந்தோம். தண்ணீர் சில்லென்று இருந்தது, ஆனால் நடுங்க வைக்கவில்லை. சுற்றுலாப் பேருந்துகள் வரும்வரை அங்கே நல்ல அமைதி.

வயாதோலித் நகரின் நடுவிலேயே ஸாசி என்ற செனோத்தே இருக்கிறது. பாதி குகை, பாதி வெளிச்சம். காலை அசைக்காமல் வைத்திருந்தால் மீன்கள் வந்து கடித்துப் பார்க்கின்றன. என் மனைவி முதல் கடியிலேயே கரையேறிவிட்டாள்.

துலூம் அருகே உள்ள தோஸ் ஓகோஸ் வேறு மாதிரி. தாழ்வான குகைக்கூரையின் கீழ் நீந்த வேண்டும். நீரில் வண்டலே இல்லாததால் வெளிச்சம் அடிவரை இறங்கி நீலமாக மின்னுகிறது. "அப்பா, தண்ணிக்குள்ள யாரு லைட்டு போட்டது?" என்றாள் மகள்.

இது தனிக் குளமும் அல்ல. அடியில் ஓடும் சாக் அக்தூன் குகைத்தொடருடன் இதுவும் இணைந்திருப்பதை 2018இல் முக்குளிப்பவர்கள் கண்டறிந்தார்கள். அப்போது அளந்த மொத்த நீளம் 347 கிலோமீட்டர். கிட்டத்தட்ட கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூர் வரை, தண்ணீருக்கடியில்! அதே தொடரின் ஒரு பள்ளத்தில் 2007இல் ஒரு பதின்ம வயதுப் பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்தது. அவள் வாழ்ந்து 12,000 ஆண்டுகளுக்கு மேலாகிறது. கடல்மட்டம் தாழ்ந்து, குகைகள் வறண்டு கிடந்த காலம் அது.

குளித்துவிட்டுத்தான் குளிக்கலாம்

போன இடத்திலெல்லாம் ஒரு விதி: முதலில் ஷவரில் குளிக்க வேண்டும். உடம்பில் சன்கிரீம், கொசு மருந்து, வாசனைத் திரவியம் எதுவும் இருக்கக் கூடாது. தலையை மட்டும் நனைத்துக்கொண்டு வந்த ஒருவரைக் காவலர் பேசாமல் கையைக் காட்டித் திருப்பி அனுப்பினார்.

அந்தக் கண்டிப்புக்குக் காரணம் இருக்கிறது. ஆறில்லாத ஊரில் வீட்டுக்குழாயில் வருவதும் வயலுக்குப் பாய்வதும் இந்த நிலத்தடி நீர்தான். பழைய மாயா நகரங்கள் எழுந்ததும் இதை நம்பித்தான். சிச்சென் இட்சா என்ற பெயருக்கே 'இட்சா மக்களின் கிணற்று வாய்' என்று பொருள். அங்குள்ள புனிதச் செனோத்தேவில் மழைக் கடவுளுக்குப் பொன்னும் பச்சைக்கல்லும் மனித உயிர்களும் காணிக்கையாகப் போயின. அதில் இன்றும் யாரும் நீந்த அனுமதியில்லை.

மண் என்றால் அழுக்கை ஓரளவு வடிகட்டும். ஓட்டை விழுந்த சுண்ணாம்புப் பாறை அப்படியே உள்ளே விட்டுவிடும். ஒரு விடுதியின் கழிவுநீரோ ஒரு பண்ணையின் உரமோ கசிந்தால், குகை வழியே வெகுதூரம் போய், கடைசியில் கரையோரப் பவளப்பாறைகளையும் எட்டும். 2023 இறுதியில் ஓடத் தொடங்கிய மாயா ரயிலுக்காக, கரையோரத்தில் சில குகைகளின் கூரையைத் துளைத்து இரும்புத் தூண்களை இறக்கியிருக்கிறார்கள். உயர்த்திக் கட்டினால் குகைகள் தப்பும் என்றது அரசு. தண்ணீர் கெடும் என்று முக்குளிப்பவர்களும் ஆய்வாளர்களும் எதிர்த்தார்கள். வேலையும் வருமானமும் வேண்டும் என்கிற உள்ளூர்க்காரர்களின் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர்களுக்கும் மாற்றுக் கிணறு இல்லை.

போகிறவர்களுக்கு

நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழை குறைவு. கான்கூனில் இறங்கி, வயாதோலித்தில் தங்கினால் சிச்சென் இட்சாவும் இக் கில்லும் பக்கம். காலையில் திறந்தவுடன் போய்விடுங்கள். சிறிய செனோத்தேக்களில் அட்டை செல்லாமல் போகலாம். பெசோ நோட்டாகக் கையில் வைத்திருங்கள். படிகள் வழுக்கும், ரப்பர் காலணி நல்லது. வெயிலுக்குச் சன்கிரீமை நம்பாமல் முழுக்கை நீச்சல் சட்டையை எடுத்துப்போங்கள். பிள்ளைகள் ஏன் என்று கேட்டால், நாம் இறங்கப் போவது ஓர் ஊரே குடிக்கிற கிணறு என்று சொல்லுங்கள். என் மகளுக்கு அந்த ஒரு வரி போதுமாக இருந்தது.