வெறுந்தாளில் ஒரு தேசம்

தேசப்படத்தைப் பாராமல் இலங்கையை வரையுமாறு யாழ்ப்பாணத்து மாணவரை ஆண்டுதோறும் கேட்டு வருகிறோம். நாம் கற்பிப்பது தமிழே. ஆயினும் தன் நாட்டை ஒருவன் எவ்வாறு மனத்தில் வைத்திருக்கிறான் என்பதை அறியாமல் அவனுக்கு எந்த இலக்கியத்தைக் கற்பிப்பது?

அவர்கள் வரையும் இலங்கையில் குடாநாடு தீவின் காற்பங்கை விழுங்கிவிடும். உண்மையில் யாழ்ப்பாண மாவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீற்றர். தீவு முழுவதும் 65,610. ஆனையிறவு தவறாமல் இடம்பெறும். அங்கிருந்து கொழும்பு வரை ஒரு கோடு. அக்கோட்டின்மீது வவுனியா, அநுராதபுரம், மாகோ, பொல்காவலை. அதற்கு இருபுறமும் வெறுமை.

இதனைச் சிறுவரின் அறியாமை என்று ஒதுக்குவதற்கில்லை. அக்கோடு புகையிரதப் பாதையன்றோ! இன்றும் யாழ்ப்பாணத்திலிருந்து திருகோணமலைக்குப் புகையிரதத்திற் செல்பவர் தெற்கே மாகோ வரை இறங்கி, கல்லோயா வழியாக மீண்டும் வடகிழக்கே ஏறவேண்டும். கொழும்பை நோக்கியே வகுக்கப்பட்ட பாதைகள் நம் மனத்தையும் அவ்வாறே வகுத்துவிட்டன. கற்ற பெரியோரிற் பலரும் தீவின் மிகவுயர்ந்த மலை சிவனொளிபாதமலை என்பர். அதன் உயரம் 2,243 மீற்றர். பீதுருதாலகாலையின் உயரமோ 2,524 மீற்றர். யாத்திரை சென்ற மலையே மனத்தில் உயர்ந்து நிற்கிறது.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தொலமி இத்தீவை உள்ளதினும் பன்மடங்கு பெரிதாகக் கணித்தார். மாலுமிகளும் வணிகரும் சொன்னதையே அவர் நம்பவேண்டியிருந்தது. இந்த மண்ணிலே வாழும் நமக்கு அச்சமாதானம் பொருந்துமா?

நம் மாணவரின் படத்தில் மிகப் பெரிய வெறுமை மலைநாடு. 'தேயிலை' என்று ஒரு சொல், கண்டி, நுவரெலியா என்று இரு புள்ளிகள், அவ்வளவே. ஹற்றனும் பண்டாரவளையும் பதுளையும் இல்லை. கோப்பித் தோட்டங்களின் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளினூடே மாத்தளை வரை நடந்தனர். வழியிலே மாண்டோர் பலர். அந்நெடும்பாதை தொடங்கியது நமது வட மாகாணத்திலேதான். கோப்பியைத் துறைமுகத்திற் சேர்க்கவே 1867இல் கண்டி வரை புகையிரதம் ஓடியது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அவருள் எஞ்சியோருக்கு உரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. சட்டப் புத்தகத்தில் இடம்பெற்றவர்கள் நம் மனப்படத்தில் இன்னும் இடம்பெறவில்லை.

தெற்கிலே வரையப்படும் படங்களில் வடக்கு எவ்வாறிருக்கும் என்று கேட்க நமக்கு உரிமையுண்டு. ஆனால் அதே கேள்வியை மலைநாட்டு மாணவன் நம்மை நோக்கிக் கேட்கும்போது தாளிலுள்ள வெறுமையையா விடையாகக் காட்டுவது?

ஆகவே, படம் வரைந்தபின் மகாவலி கங்கையையும் வரையச் சொல்கிறோம். மலைநாட்டிலே பிறந்து, 335 கிலோமீற்றர் ஓடி, திருகோணமலைக்குத் தெற்கே கடலை அடைகிறது அது, கொழும்பைத் தொடுவதில்லை. அதன் இரு கரைகளிலும் எவரெவர் வாழ்கின்றனர், என்ன தொழில் செய்கின்றனர், எம்மொழி பேசுகின்றனர் என்று எழுதச் சொல்கிறோம். மனிதரை எழுதத் தொடங்கியதும் தாளில் இடம் போதாமற் போகிறது. ஆசிரிய நண்பர்களும் தத்தம் வகுப்புகளில் இதனைச் செய்து பார்க்கட்டும்.