ஒரு சாண் இடைவெளி

தொண்டை கெட்டால் அதற்கு மருந்துண்டு. நல்ல குரலையுடைய ஒருவரைத் தம் குரல் கெட்டுவிட்டதென்று நம்பச் செய்துவிட்டாலோ அதற்கு மருந்து காண்பது அரிது. இவ்வுண்மையை நாம் நம் அன்னையாருக்கு இழைத்த ஒரு பிழையினால் அறிந்தோம். வீட்டில் ஒலிப்பதிவு செய்ய விழையும் அன்பர்களுக்குப் பயன்படக்கூடும் என்றே அதனை இங்கு எழுதுகிறோம்.

நம் தங்கை மணமாகிக் குவஹாத்தியில் வாழ்கிறாள். சென்ற ஆண்டு அவளுக்குப் பெண் மகவு பிறந்தது. முழங்கால் வலியினால் அன்னையாரால் நாகபுரியிலிருந்து அவ்வளவு தொலைவு பயணம் செய்ய இயலவில்லை. "அம்மா வர முடியாட்டி போகட்டும் அண்ணா, அம்மா பாடற தாலாட்டையாவது அனுப்பி வை" என்று தங்கை தொலைபேசியில் கேட்டாள். அத்தாலாட்டு எந்தப் புத்தகத்திலும் இல்லை. அன்னையார் தம் தாயாரிடம் செவிவழியாகக் கற்றது அது.

அண்டை வீட்டுக் கல்லூரி மாணவர் கணினியில் இணைக்கும் மைக் ஒன்றை இரவல் தந்தார். திருமண மேடைகளில் பாடுவோர் மைக்கை உதட்டோடு ஒட்டிப் பிடிப்பதைக் கண்டிருக்கிறோம் அல்லவா? அவ்வாறே நாமும் அதை அன்னையாரின் வாய்க்கு இரண்டு அங்குலத்தில் வைத்துப் பாடச் சொன்னோம். ஒலிபெருக்கியின் ஊளையையும் கூட்டத்தின் இரைச்சலையும் வெல்லவே மேடையில் அப்படிப் பிடிக்கிறார்கள் என்பதும், அமைதியான அறையில் அதற்குத் தேவையில்லை என்பதும் அன்று நமக்குத் தெரியவில்லை.

பதிவைப் போட்டுக் கேட்டோம். பகரம் வந்த இடமெல்லாம் மத்தளத்தில் அறைந்தாற்போல் 'தொம்' என்றது. குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் கனத்திருந்தது. ஓரடியில் ஓங்கியது, மறு அடியில் தேய்ந்தது. "இதுவாடா என் குரல்?" என்றார் அன்னையார்.

மறுநாள் நேர்மாறாகச் செய்தோம். மைக்கை ஐந்தடி தள்ளிச் சன்னல் மேடையில் வைத்தோம். குரல் காலிக் கிடங்கில் ஒலிப்பதுபோல் எதிரொலித்தது. அளவைக் கூட்டினோம், குரலோடு மின்விசிறியின் இரைச்சலும், அடுத்த வீட்டுக் குக்கரின் சீழ்க்கையும் சேர்ந்தே கூடின. அன்னையார் எழுந்துவிட்டார். "தொண்டை போயிடுச்சுடா தம்பி. வயசாச்சு. விட்டுடு."

அத்துடன் முடிந்திருந்தால் நாம் இத்தனை வருந்தியிருக்கமாட்டோம். அன்று முதல் மாலையில் விளக்கேற்றும்போது பாடுவதையும் அவர் நிறுத்திவிட்டார். நாம் பிறந்த நாள்தொட்டுக் கேட்டு வந்த குரல் மூன்று வாரம் வீட்டில் ஒலிக்கவில்லை.

மாணவரிடம் சென்று நடந்ததைச் சொன்னோம். அவர் முதலிற் கேட்டது, "எவ்வளவு தூரத்துல வெச்சீங்க மாமா?" என்பதே. அவர் விளக்கியதையும், பின்னர் நம் குரலிலேயே சோதித்து அறிந்ததையும் கூறுவோம்.

வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரு மடங்கானால் குரலின் அளவு 6 டெசிபெல் குறையும். அறைச் சுவர்களில் மோதித் திரும்பும் எதிரொலியோ எங்கு வைத்தாலும் ஏறக்குறைய ஒரே அளவினதுதான். ஆகவே விலக விலகக் குரல் மெலிந்து அறையே மிஞ்சுகிறது. நம் இரண்டாம் பதிவின் குறை இதுவே.

மிக நெருங்கினால் வேறு குறைகள் தோன்றும். ஒரு பக்கத்து ஒலியை மட்டும் சிறப்பாக வாங்கும் வகை மைக்குகள், அருகிலிருந்து வரும் குரலின் கீழ்ச்சுருதிகளை மிகுத்துக் காட்டும்; குடத்துக் குரல் அதனால் வந்தது. உதடுகள் திறக்கையில் எழும் காற்று நேரே மோதுவதால் பகரம் அறைகிறது. உள்ளங்கையை வாய்க்கெதிரே வைத்துப் 'பால்' என்று சொல்லிப் பாருங்கள், காற்றுத் தெரியும். இந்தியில் பழத்தைக் குறிக்கும் சொல்லைத் திருத்தமாகச் சொன்னால் இன்னும் பலமாகத் தெரியும்.

மூன்றாவது குறைதான் நம் அன்னையாருக்கே உரியது. தாலாட்டுப் பாடுபவர் அசையாமல் பாடுவாரோ? இரண்டு அங்குலத்தில் மைக் இருக்கும்போது அவர் இரண்டு அங்குலம் பின்னே சாய்ந்தால் தூரம் இரு மடங்காகி 6 டெசிபெல் போய்விடும். எட்டு அங்குலத்தில் இருக்கும்போது அதே அளவு சாய்ந்தால் குறைவது 2 டெசிபெல் மட்டுமே. காது அதைப் பெரிதாகக் கொள்ளாது. மேடைப் பாடகர்கள் உச்சத்தில் விலகியும் தாழ்ந்த இடத்தில் நெருங்கியும் பாடப் பழகியவர்கள். 1902-இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் இசைத்தட்டுக்குப் பாடிய காலத்தில் மைக்கே கிடையாது. புனல் போன்ற குழலுக்குள் பாடவேண்டியிருந்தது. 1925-இல் இசைத்தட்டுப் பதிவுக்கு மைக் வந்த பிறகே மெல்லிய குரலுக்கும் வழி பிறந்தது. அவ்வித்தையை அன்னையாருக்கு இந்த வயதில் கற்பிப்பதைவிட, அவர் அசைவைத் தாங்கும் தூரத்தில் மைக்கை வைப்பதே முறை. எட்டு ஒன்பது அங்குலம் என்பது நம்மவர் சொல்லும் ஒரு சாண்தான்.

அன்னையாரை இசையச் செய்ய நான்கு நாள் ஆயிற்று. கை ஆட்டாமல் அவருக்கு வாய் பாடாது என்பதால் கொக்கியில் பழம்புடவையால் தூளி கட்டித் தலையணையை உள்ளே இட்டோம். கிறீச்சிட்ட கொக்கிக்குச் சிறிது எண்ணெய் விட்டோம். சுவரோரம் மெத்தையைச் சாய்த்துப் போர்வைகளைத் தொங்கவிட்டோம். மைக்கை ஒரு சாண் தொலைவில், காற்று நேரே படாதபடி வாய்க்குச் சற்றுப் பக்கவாட்டில் நிறுத்தினோம். பூத்தையல் வளையத்தில் மெல்லிய நைலான் துணியை இழுத்துக் கட்டி அதன் முன் நான்கு விரற்கடையில் வைத்தோம். மிக உரத்த அடியிலும் அளவுகாட்டி உச்சத்துக்கு 6 டெசிபெல் கீழேயே நிற்குமாறு அமைத்தோம். உச்சம் கடந்து சிதைந்த ஒலியைப் பின்னர்ச் சீராக்க இயலாது. விசிறியை நிறுத்தினோம். குடியிருப்பு இருப்புப்பாதையை அடுத்தது. பயணி வண்டிகளின் நேரம் நாம் அறிவோம். சரக்கு வண்டிக்கு நேரமேது? இருமுறை காத்திருந்து மூன்றாம் முறை முழுவதும் பதிந்தோம்.

கேட்டு முடித்த அன்னையார் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "எங்கம்மா பாடற மாதிரியே இருக்கேடா" என்றார். அன்று மாலை விளக்கேற்றுகையில் அவர் பாடக் கேட்டோம்.

குழந்தை உறங்கியதா என்று தங்கையைக் கேட்டோம். "அது எங்க தூங்குச்சு! நான்தான் தூங்கிட்டேன் அண்ணா" என்றாள்.

அன்பர்களே, உங்கள் இல்லங்களிலும் ஏட்டில் ஏறாத பாடல்களை அறிந்த முதியோர் இருப்பார்கள். அவற்றைப் பதிந்து வையுங்கள். ஆனால் சோதனைகளையெல்லாம் உங்கள் குரலிலேயே முதலிற் செய்து முடியுங்கள். நம் கைப்பிழையை அவர்கள் தம் குரலின் பிழையாக எண்ணி மௌனமாகிவிட வேண்டாம்.