மகன் வாங்கிய வீடும் நாங்கள் தேடிய காகிதங்களும்

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அங்கேயே வீடு வாங்குவது இப்போது பல குடும்பங்களில் நடக்கிற விஷயம். "நீங்களும் பணம் அனுப்பினீங்களாமே, என்னென்ன பேப்பர் கேட்டாங்க?" என்று காலை நடைக்கு வரும் நண்பர்கள் இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஆளுக்கு ஆள் தனியாகச் சொல்வதைவிட இங்கே எழுதிவிடலாம் என்று தோன்றியது. நான் சொல்வது இங்கிலாந்துக் கதை, 2025ஆம் ஆண்டு விதிகள். ஸ்காட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் வேறு கணக்கு.

மகனும் மருமகளும் மில்டன் கீன்ஸில் பார்த்த வீட்டின் விலை 4,50,000 பவுண்டு. வங்கிக் கடன் போக முன்பணத்துக்கு அவர்கள் சேமிப்பு கொஞ்சம் போதவில்லை. நான் 20 லட்சம், என் மனைவி 10 லட்சம் தருவதாக முடிவு செய்தோம். அவளும் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அந்தப் பத்து லட்சம் அவள் பணம்.

"உங்க ரெண்டு பேரையும் பத்திரத்துல சேர்த்திருதேன் அப்பா" என்றான் மகன். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே வீடு வாங்கும் வேலையைப் பார்க்கும் சொலிசிட்டர் ஒரு கணக்குப் போட்டு அனுப்பினார். மின்வாரியத்தில் கணக்குப் பிரிவிலேயே காலம் தள்ளிய எனக்கு அதைப் படிப்பது ஒரு சுகம். உங்களுக்கும் தருகிறேன்.

அங்கேயும் முத்திரைத் தீர்வை உண்டு. நம் ஊரில் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று மொத்த மதிப்புக்கும் ஒரே விகிதம். அங்கே வருமான வரி மாதிரி படிப்படியாக ஏறும். முதல் 1,25,000 பவுண்டுக்கு ஒன்றுமில்லை. அடுத்த 1,25,000க்கு 2 சதவீதம். அதற்கு மேல் 9,25,000 வரை 5 சதவீதம். அப்படிப் பார்த்தால் இந்த வீட்டுக்கு 12,500 பவுண்டு.

முதல்முதலாக வீடு வாங்குபவர்களுக்குச் சலுகை உண்டு. விலை 5,00,000 பவுண்டைத் தாண்டாமல் இருந்தால் முதல் 3,00,000க்கு வரி இல்லை. மீதிக்கு 5 சதவீதம். அப்படியானால் 7,500 பவுண்டுதான்.

பத்திரத்தில் எங்கள் பெயரைச் சேர்த்தால்? எங்களுக்கு ஏற்கெனவே திருநெல்வேலியில் சொந்த வீடு இருக்கிறது. எனவே இது கூடுதல் வீடு. மொத்த விலைக்கும் 5 சதவீதம் அதிகம். நாங்கள் அந்த நாட்டில் வசிப்பவர்கள் அல்ல என்பதால் இன்னொரு 2 சதவீதம். வாங்குபவர்களில் இப்படி ஒருவர் இருந்தாலே போதும், மொத்தத்துக்கும் அந்த விகிதம்தான். கூட்டிப் பார்த்தால் 44,000 பவுண்டு. பவுண்டு 115 ரூபாய் என்று வைத்தால் 50 லட்சத்துக்கு மேல். நாங்கள் கொடுக்கும் பணத்தைவிட எங்கள் பெயருக்கு விலை அதிகம் என்று மனைவி சிரித்தாள். பெயர் வேண்டாம், பணத்தைப் பரிசாகவே கொடுத்துவிடலாம் என்று தீர்மானித்தோம்.

பரிசு என்றாலும் சும்மா கொடுத்துவிட முடியாது. ஆளுக்கொரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இது கடன் இல்லை, திருப்பிக் கேட்கமாட்டேன், அந்த வீட்டில் எனக்கு எந்த உரிமையும் இல்லை என்று எழுதித் தர வேண்டும். கடன் கொடுக்கும் வங்கியும் இதைக் கேட்கிறது. பெற்ற பிள்ளைக்குப் பணம் கொடுக்கும்போது நம் வீடுகளில் யாரும் இப்படிப் பேசுவதில்லை. கொடுத்ததா, கைமாற்றா, பிற்காலத்தில் நம்மைப் பார்த்துக்கொள்வதற்கா என்று பிரித்துப் பேசாமலேயே காலம் ஓடிவிடும். இதில் மூன்று வரியில் எல்லாம் தெளிவு. கையெழுத்துப் போடுமுன் நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது உண்மை. பிறகு அவள்தான் முதலில் பேனாவை எடுத்தாள்.

அடுத்தது, இந்தப் பணம் எங்களுக்கு எப்படி வந்தது என்பதற்கு ஆதாரம். கறுப்புப் பணம் வெள்ளையாகாமல் பார்க்கும் பொறுப்பு அங்கே சொலிசிட்டர் தலையில் இருப்பதால் யாரையும் விடுவதில்லை. ஆறு மாத வங்கிக் கணக்கு, பாஸ்போர்ட் நகல், முகவரிச் சான்று, வைப்புத்தொகை முதிர்ந்த ரசீது, அந்த வைப்புத்தொகைக்குப் பணம் வந்த வழி என்று பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தார்கள். 2016இல் வாங்கிய பணிக்கொடை ஆணை பீரோவின் அடித்தட்டில் இருந்து வந்தது. மஞ்சள் பையில் கட்டி வைத்திருந்த பழைய காகிதங்களை "எடைக்குப் போடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்த மனைவி அன்றிலிருந்து அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

இனி நம் ஊர்ப் பக்கம். இங்கே வசிக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்பது ரிசர்வ் வங்கியின் திட்டம். பான் எண்ணும் ஏ2 என்ற படிவமும் வேண்டும். பெற்றோர் பிள்ளைக்குக் கொடுக்கும் பரிசுக்கு வரி இல்லை. ஆனால் ஆண்டுக்கு 10 லட்சத்துக்கு மேல் அனுப்பினால், மேலே உள்ள தொகைக்கு 20 சதவீதம் வங்கியே பிடித்து அரசுக்குக் கட்டிவிடும். படிப்புக்கும் மருத்துவத்துக்கும் விகிதம் குறைவு. பரிசுக்கு 20தான். மனைவி அனுப்பிய பத்து லட்சத்துக்குப் பிடித்தம் இல்லை. எனக்கு 2 லட்சம் பிடித்தார்கள். அதாவது 20 லட்சம் அனுப்ப 22 லட்சம் கையில் இருக்க வேண்டும். அந்த 2 லட்சம் நம் கணக்கில்தான் நிற்கும். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கட்ட வேண்டிய வரியில் கழித்து மீதியைத் திருப்பித் தருவார்கள். ஆனாலும் அதுவரை பொறுத்திருக்க வேண்டும். ஓய்வூதியக்காரர்கள் இதையும் கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோது சொலிசிட்டரின் படிவத்தில் ஒரு கேள்வி: உலகில் எங்காவது உங்களுக்கு வீடோ, வீட்டில் பங்கோ இருக்கிறதா, எப்போதாவது இருந்ததா?

பாளையங்கோட்டையில் எங்கள் அம்மாவின் வீடு இருக்கிறது. என் பிள்ளைகளுக்கு ஆச்சி. அவள் உயிலில் அண்ணனுக்கும் எனக்கும் ஆளுக்கொரு பங்கும், மூன்றாவது பங்கை என் மகனுக்கும் எழுதியிருந்தாள். அவன் ஐந்தாம் வகுப்பு வரை அங்கே வளர்ந்தவன். இன்றைய விலைக்கு அவன் பங்கு 20 லட்சம் பெறும். பவுண்டில் 17,000 சொச்சம். பங்கின் மதிப்பு 40,000 பவுண்டுக்குக் கீழே இருப்பதால் கூடுதல் வீட்டுக்கான 5 சதவீதம் வராது. ஆனால் முதல் வீட்டுச் சலுகை போய்விடும். பரம்பரையாக வந்த பங்கும் வீடுதான் என்பது அங்கே விதி. கணவன் மனைவி சேர்ந்து வாங்கினால் இருவருமே முதல்முறையாக இருக்க வேண்டும். 7,500 என்பது 12,500 ஆகும். 5,000 பவுண்டு, நம் பணத்தில் ஐந்தே முக்கால் லட்சம்.

"பாளையங்கோட்டையில பங்கு இருக்குன்னு லண்டன்காரனுக்கு எப்படித் தெரியும்? சொல்லாம விடுங்க அத்தான்" என்றார் மைத்துனர். அண்ணனோ நல்ல மனதோடு, "வேணும்னா அவன் விடுதலைப் பத்திரம் எழுதிரட்டும், பிறகு நாம பார்த்துக்கிடுவோம்" என்றார். அதனாலும் பயனில்லை. ஒருமுறை உரிமை இருந்திருந்தாலே சலுகை கிடையாது.

மகனிடம் இரண்டையும் சொன்னேன். "ஆச்சி எனக்குன்னு குடுத்தது. இல்லைன்னு எப்படி அப்பா எழுத?" என்றான். வரி விதியைப் பற்றி அதற்கு மேல் பேச்சில்லை. கூடுதல் பணத்துக்காக அந்த ஆண்டு ஊருக்கு வரும் பயணத்தைத் தள்ளிவைத்தார்கள்.

வீடு கைக்கு வந்த 14 நாளுக்குள் வரியைக் கட்டிவிட வேண்டும். கட்டினார்கள். சார்பதிவாளர் அலுவலகம், இரண்டு சாட்சி, கைரேகை எதுவும் கிடையாது. நிலப் பதிவேட்டில் சொலிசிட்டரே பெயர் மாற்றிவிடுகிறார். "மூலப்பத்திரம் எங்கேடா?" என்று கேட்டேன். கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது என்றான். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

நண்பர்களுக்கு நான் சொல்வது இதுதான். பணம் அனுப்புவதைப் பற்றி யோசிக்கும் முன், பிள்ளைகள் பெயரில் இங்கே என்னென்ன இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். கூட்டாக வாங்கிய ஃபிளாட், தாத்தா எழுதிவைத்த பங்கு எல்லாம் வரட்டும். அதை முதல் நாளே அங்குள்ள சொலிசிட்டரிடம் காட்டச் சொல்லுங்கள். கடைசி வாரத்தில் தெரிந்தால்தான் பொய் சொல்லத் தோன்றும்.

பாளையங்கோட்டை வீட்டுக்கு இந்தப் பொங்கலுக்கு வெள்ளையடிக்க வேண்டும். செலவில் மூன்றில் ஒரு பங்கு தன்னுடையது என்று மகன் அண்ணனிடம் சொல்லியிருக்கிறான்.